இரும்புக்கு ஏது வெட்கம்?

"அப்பா, ரோபோவுக்கு வெட்கம் வருமா?"

மகள் இதைக் கேட்டது போன மழைக்காலத்தில். "இரும்புக்கு ஏது வெட்கம்?" என்று சிரித்தார் அப்பா. ஏனோ சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. மறுநாள் வேலையிலிருந்து திரும்பும்போது ஒரு கட்டு ஃபோம் ஷீட்டோடு வந்தார்.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. சாப்பாட்டு மேசையில் மார்புக்கவசம், பீரோ மேல் தலைக்கவசம், துணிக்கொடியில் வெள்ளி வர்ணம் பூசிய இரண்டு கைகள். கார்களுக்கு சீட் உறை தைப்பது அவர் தொழில். கண்ணால் பார்த்தே அளவு சொல்லிவிடுவார். பட்டறையில் அவருக்கு 'இஞ்சுடேப்' என்றே பெயர். ஃபோமை வெட்டி, சூடு காட்டி வளைத்து, பழைய சீட் பெல்ட் கொக்கிகளால் பூட்டி, மகளின் பிறந்தநாளுக்கென்று விண்வெளி ரோபோ ஒன்றைச் செய்து முடித்திருந்தார்.

பிறந்தநாள் காலையில் மனைவிதான் அதை அவருக்கு மாட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, தோள் ரெண்டு பக்கமும் தொங்குதே. உங்களுக்குச் செஞ்சீங்களா, பீரோவுக்குச் செஞ்சீங்களா?"

"உள்ளே காத்து போக வேணாமா? அதுக்குத்தான்."

"காத்தா? உள்ளே ஒரு குடும்பமே குடியிருக்கலாம். கை வேற நீளம். ஊருக்கெல்லாம் நூல் பிசகாம வெட்டுறவருக்குச் சொந்த அளவு தெரியலையா?"

"எல்லாம் சரியா வரும். நீ அந்த பூட்ஸை எடு."

அவள் எடுத்தாள். "வலது பூட்ஸ் மட்டும் ஏன் இந்தக் கனம் கனக்குது?"

"அதுலதான் பேட்டரி வெச்சிருக்கேன். மார்புல லைட் எரியணுமே."

பூட்ஸைப் போட்டுக்கொண்டு அவர் நான்கு அடி வைத்தார். உடம்பு ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கியது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ, என்னங்க இது! ஒத்தைச் சக்கரம் கழண்ட வண்டி மாதிரி!"

அவர் சிரிக்கவில்லை. "கிண்டல் பண்ணாதே" என்றார். அவர் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவள் வாயை மூடவைத்தது.

பாவம், போன வருடத்தை நினைத்துக்கொள்கிறார் போலும் என்று எண்ணினாள். போன பிறந்தநாளில் கரடி வேஷம் போட்டார். குனிந்தபோது பின்பக்கத் தையல் விட்டுப்போனது. அவள் தம்பி அதைப் படம் பிடித்து உறவு முழுக்க அனுப்பிவைத்தான். இன்றைக்கும் கல்யாணம், காட்சி எங்கே போனாலும் 'கரடி மாமா' என்ற பேர் போகவில்லை. இந்தக் கோலத்தில் நடந்தால் மானம் கப்பலேறிவிடும்.

"உங்க அண்ணன் வர்றாரா?" என்று பேச்சை மாற்றினாள்.

"அவர் என்னைக்கு வந்தார்? பரிசு மட்டும் வரும்."

அடுத்த தெருவில் தனியாக இருந்த அண்ணன், கூட்டம் கூடும் இடத்துக்கு வருவதே இல்லை. மகள்தான் தினமும் பள்ளி விட்டதும் பெரியப்பா வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வருவாள்.

சாயங்காலம் வீடு நிறைந்தது. "பின்பக்கத்து ஷெட்டுல போட்டுக்கிட்டு வர்றேன், யாரும் வந்து பார்க்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவர் போய் வெகு நேரம் ஆகியிருந்தது. தம்பி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றான்.

'கடவுளே, இன்னைக்கு ஒரு நாள் இவர் மானத்தைக் காப்பாத்து' என்று அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

குழந்தைகள் கூச்சலிட்டார்கள். கண்ணைத் திறந்தாள்.

மார்பில் நீல ஒளி எரிய, ரோபோ உள்ளே வந்தது. அடிமேல் அடி வைத்து, நிமிர்ந்து, துளிகூட ஆடாமல் நடந்தது. காலையில் தொங்கிய தோள்கள் வார்த்து வைத்ததுபோல் பொருந்தியிருந்தன.

"அக்கா, மாமா கலக்கிட்டாரு!" என்றான் தம்பி. "கரடிப் பட்டத்தை இன்னைக்கே வாபஸ் வாங்கிக்கறேன்."

மகள் ஓடிப்போய் ரோபோவின் கையைப் பிடித்தாள். எக்கி நின்று, தலைக்கவசத்தின் காதோரம் எதையோ கேட்டாள். ரோபோ 'இல்லை' என்று மெல்லத் தலையாட்டியது. பிறகு குழந்தைகள் அத்தனை பேரும் அதைச் சுற்றி ஆடத் தொடங்கினார்கள்.

மனம் குளிர்ந்துபோய், தட்டுகள் எடுக்கச் சமையலறைக்குள் நுழைந்தவள் திடுக்கிட்டு நின்றாள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார் கணவர்.

"நீங்க இங்கேயா? அப்ப வெளியே..."

அவர் உதட்டில் விரல் வைத்தார். மடியில் அண்ணனின் ஊன்றுகோல் இருந்தது.

"பூட்ஸ்ல பேட்டரின்னு சொன்னீங்களே?"

"ரப்பர். மூணு விரல் கனம். அவர் வலது கால் அவ்வளவு குட்டை. பாப்பா தன் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டப்போ, 'நடந்தா எல்லாரும் பார்ப்பாங்க, வெட்கமா இருக்கும்மா'ன்னு சொல்லியிருக்காரு. அன்னைக்குத்தான் அவ என்கிட்ட வந்து ரோபோவைப் பத்திக் கேட்டா."

காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தது அவளுக்கு நினைவு வந்தது.

"அவருக்குக் கால் பிறவியிலேயே அப்படித்தானே?"

"எல்லார்கிட்டயும் அப்படிச் சொல்லச் சொன்னது அவர்தான்." அவர் துண்டால் அந்தக் கோலை மெதுவாகத் துடைத்தார். "சின்ன வயசுல பள்ளிக்கூடத்துச் சுவர் சரிஞ்சப்போ அதுக்கு அடியில நின்னது நான். என்னைத் தள்ளிவிட்டுட்டு அவர் மாட்டிக்கிட்டாரு."

வெளியிலிருந்து யாரும் எட்டிப் பார்த்துவிடாதபடி, அவள் சமையலறைக் கதவை ஓசையில்லாமல் சாத்தினாள்.