அஞ்சு மார்க்

“பொஞ்சாதிக்கு அஞ்சு மார்க். புள்ளைங்களுக்குத் தலைக்கு மூணு. அம்மா, அப்பா உசுரோட கீறாங்களா, ஆளுக்கு ரெண்டு. சர்வீசுக்கு வருசத்துக்கு ஒண்ணு” என்றார் செல்வநாதன்.

எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் அவர் கையிலிருந்த பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திருவொற்றியூர் டப்பா கம்பெனியில் நாற்பத்தோரு நாள் ஸ்ட்ரைக் முந்தின நாள்தான் முடிந்திருந்தது. எல்லோரையும் திரும்பச் சேர்த்துக்கொள்ள நிர்வாகம் சம்மதித்தது, சஸ்பெண்ட் ஆன மூவரில் ஒருவனைத் தவிர. அந்த ஒருவன் யார் என்று மாலை நாலு மணிக்குள் சங்கமே எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு மாற்ற முடியாது.

சங்கச் செயலாளர் செல்வநாதனுக்கு நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்றார்கள் சிலர். அவர் கேட்கவில்லை. போன வருஷம் சூப்பர்வைசர் வேலைக்கு ஆள் எடுத்தபோது, படிப்புக்கு இவ்வளவு, அனுபவத்துக்கு இவ்வளவு என்று கம்பெனி மார்க் போட்டதை அவர் பார்த்திருந்தார். அதே முறையை எடுத்துக்கொண்டு, எதற்கு எவ்வளவு என்பதை மட்டும் தன் மனசாட்சிப்படி மாற்றினார். மார்க் குறைந்தவன் போக வேண்டியது.

“சர்வீசுக்கு ஏன் அண்ணாத்தே ஒண்ணே ஒண்ணு?” என்றான் யேசுதாஸ். “ஒம்போது வருசமாத் தகரம் வெட்டறேன். ஒரு வெரலே போச்சு.”

“வேலை போனா பட்டினி கெடக்கப்போறது உன் சர்வீசா, உன் புள்ளைங்களா?”

யேசுதாஸ் அடங்கினான். மனைவி, மூன்று பிள்ளைகள், ஒன்பது வருஷம். இருபத்து மூன்று.

அடுத்தவன் திருமலை. மனைவி, ஒரு பெண் குழந்தை, அப்பா, ஆறு வருஷம். பதினாறு. “ரெண்டு வருசம் முன்னாடியே கண்ணாலம் கட்டிகினு இருந்தா இன்னொண்ணு பெத்திருப்பேன்” என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனும்தான்.

அப்போது இசக்கியம்மாள் கூடையை இறக்கினாள். காலடிப்பேட்டையில் வீடு வீடாகச் சாப்பாட்டுக் கேரியர் வாங்கி, மத்தியானம் கம்பெனிக்குச் சுமந்து வருகிறவள் அவள். செல்வநாதனின் கேரியரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, இன்னொன்றை மூன்றாமவன் ஜெயவேலிடம் நீட்டினாள்.

“இன்னா மாமு, எர்ணாவூர் மெஸ்காரன் இப்ப கேரியர்ல அனுப்பறானா?” என்று யேசுதாஸ் சீண்டினான்.

“மெஸ்ஸு சோறு வவுத்துக்கு ஒத்துக்கல” என்று சொல்லிவிட்டு, ஜெயவேல் கேரியரைத் திறக்காமல் பெஞ்சுக்கு அடியில் தள்ளினான்.

செல்வநாதன் மூன்றாவது கட்டத்துக்கு வந்தார். பத்து வருஷ சர்வீஸ், பத்து. பழவேற்காட்டில் அம்மா, இரண்டு.

“பொஞ்சாதி?” என்று தலை நிமிராமலே கேட்டார். ஜெயவேல் தனிக்கட்டை என்பது கம்பெனி முழுக்கத் தெரிந்ததுதான். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

அவர் நிமிர்ந்தபோது ஜெயவேல் பெஞ்சுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சைபர் போட்டுக்குங்க” என்றான்.

பன்னிரண்டு. எழுதிய பிறகும் செல்வநாதனுக்குப் பென்சிலைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

“நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா. உன்னை நம்பிகினு வேற யாராச்சும் கீறாங்களா? நாலு மார்க் கெடச்சா திருமலையும் நீயும் சமம். அஞ்சு கெடச்சா நீ தப்பிச்சுக்குவே.”

ஜெயவேல் சுற்றிலும் நின்ற கமிட்டி ஆட்களைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். “இத்தினி பேர் முன்னாடி சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. கொண்டுபோய்க் குடுங்க.”

திருமலை அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான்.

செல்வநாதன் வீட்டுக்கு வரும்போது விளக்கு வைக்கிற நேரம். மனைவி போன பிறகு அந்த வீட்டில் அவரும் மகள் அம்முவும்தான். அவள் குழாயடியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே இரண்டு கேரியர்கள் கழுவப்படாமல் இருந்தன. இரண்டிலும் சுறாப்புட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. அதைக் கவனிக்கிற நிலையில் அவர் இல்லை.

“யாருப்பா?” என்றாள் அம்மு.

“ஜெயவேலு.”

குழாய்த் தண்ணீர் அவள் கையில் விழுந்துகொண்டே இருந்தது.

“நியாயமாத்தாம்மா போட்டேன். மத்தவனுங்க புள்ளகுட்டிக்காரனுங்க. இவன் பசிச்சுக் கெடந்தா இவன் ஒருத்தனோட போச்சு. அப்டி நெனச்சுத்தான் மனசத் தேத்திகினேன்.”

“லெட்டர் குடுத்தாச்சா?”

“நாலு மணிக்கே. சீல் போட்டு வாங்கிகினாங்க. இனிமே அந்த ஆண்டவரே வந்தாலும் மாத்த முடியாது.”

“பொஞ்சாதிக்கு எவ்ளோப்பா வெச்சே?”

“அஞ்சு. அது இருந்திருந்தா பதினேழு. திருமலை போயிருப்பான், இவன் நின்னிருப்பான். நானும் ரெண்டு வாட்டி கேட்டேன். வாயத் தொறக்கல, சைபர் போட்டுக்கன்னுட்டான். அந்த அஞ்சு மார்க்குக்கு நான் எங்கம்மா போவேன்?”

அம்மு குழாயை மூடினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அவருக்கு நேரே வந்து நின்றாள்.

“ஸ்ட்ரைக் முடியட்டும், ஒங்கிட்ட நானே வந்து சொல்றேன்னு சொன்னாருப்பா.”

“யாரு? இன்னாத்த?”

“அந்த அஞ்சு மார்க்கு நான்தாம்பா.”