ஆளில்லாத சாலை

அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். என் மகள், அவளுக்குக் கார் ஓட்டப் பயிற்சி தரும் பெண், மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அண்ணன், நான். ஆறாவதாக ஒருவர் தானும் பார்த்ததாகச் சொன்னால் அது பொய்.

முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போனவள் என் மகள். அன்றைய ஓட்டுநர் சோதனையில் தேறினால் அவளுடைய காரைக் கையாலேயே ஓட்டும்படி மாற்றித் தருவார்கள். தேறாவிட்டால் காரை விற்றுவிடுவதென்று அண்ணனும் தம்பியும் பேசி வைத்திருந்தார்கள்.

கண்களை முழுக்க மூடி, உள்ளே நிஜம்போலவே சாலையைக் காட்டும் கருவியை மாட்டிக்கொண்டாள். ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் நெம்புகோல். இழுத்தால் வேகம், தள்ளினால் பிரேக். மேலிருந்து பார்ப்பதுபோல் அவளுடைய வண்டி சுவர்த் திரையில் எங்களுக்குத் தெரிந்தது.

சந்தை நெரிசலைக் கடந்தாள். மழையைக் கடந்தாள். குறுக்கே பாய்ந்த நாய்க்கு நின்று போனாள்.

பிறகு ஆளில்லாத அகலச் சாலை ஒன்று வந்தது. அங்கே போய்ச் சுவரில் மோதினாள்.

"ஈ காக்கா இல்லாத ரோட்டுல செவுத்தத் தேடிப் போய் முட்டுறா உன் பொண்டாட்டி. வாடா, காரை வாங்க ஆளப் பாப்போம்" என்றான் அண்ணன்காரன்.

மாப்பிள்ளை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அவரும் சிரித்துவிட்டு அவன் பின்னாலேயே போனார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. என் மகள் கண்ணைத் திறந்துகொண்டு சுவரில் மோதுகிறவள் அல்ல. கருவியை வாங்கி நானே மாட்டிப் பார்த்தேன். சாலை, வெயில், சுவர். குனிந்தேன்.

"இதை யாரும்மா வைக்கச் சொன்னது?" என்று கத்தினேன்.

பயிற்சிப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. "எல்லாருக்கும் பொதுவா வர்றதுங்க ஐயா. நான் கவனிக்கல. எடுத்துடறேன்."

"வேணாம்" என்றாள் மகள். "இருக்கட்டும்பா. அதோடயே ஓட்டுறேன்."

அதே சாலையில் மறுபடி போனாள். தாடை இறுகியிருந்தது. முகத்தை இம்மியும் தாழ்த்தவில்லை. கடைசிவரை ஓட்டி முடித்தாள்.

தேறிவிட்டாள் என்று அந்தப் பெண் சொன்னபோது, கேட்பதற்கு மாப்பிள்ளை வீட்டார் ஒருவரும் அங்கே இல்லை.

ஆளில்லாத சாலையில்கூட அவளுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று இப்போது உறவு முழுக்கச் சொல்லித் திரிகிறார்கள்.

தவறு. அந்த முதல் தடவை, சாலை காலிதானே என்று குனிந்தவள் அப்புறம் சாலையையே பார்க்கவில்லை. கருவி அவளுக்கு இரண்டு கால்களை வரைந்து வைத்திருந்தது. அவள் நெம்புகோலை இழுக்கும்போதெல்லாம் அவை பெடலை மிதித்தன.