காதை மூடும் ரகம்

முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டிய செங்கோடனுக்கு வாட்ச்மேன் வேலை கிடைப்பதாக இருந்தது. நாளைக்குக் காது பரிசோதனை. அதற்கு முன்னால் பார்த்துவிடலாமென்று மகள் தெய்வானை, தான் வேலை செய்யும் கடையிலேயே விலை கூடிய ஹெட்போன் ஒன்றை அவர் தலையில் மாட்டினாள். காதை முழுசாக மூடும் ரகம். பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது.

“உறுத்துதாப்பா?”

“இல்ல கண்ணு, பஞ்சாட்டம் மெத்துனு இருக்குது.”

“நான் பேசறது எப்பிடிப்பா கேக்குது?”

“என்ற காதுக்கு என்ன கேடு? நீ பாட்டப் போடு.”

பாட்டு ஏற்கெனவே முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

தறிக்கூடத்து இரைச்சலில் யாரும் காதால் பேசுவதில்லை. உதட்டைப் பார்த்தே சண்டை போட்டு, உதட்டைப் பார்த்தே கேலி பேசி, அவருக்கு அதுவே கேட்பது என்றாகியிருந்தது. தெய்வானை ஹெட்போனைக் கழற்றினாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, “அப்பா” என்றாள். அடுத்த தரம் கத்தினாள். கடையிலிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் தோள் குலுங்குவதைக் கண்டு செங்கோடனும் சிரித்தார். “ஏங்கண்ணு, அப்பன் தலைல அது அத்தன கோமாளியாவா இருந்துது?”