உப்புத் தண்ணிக்குத் தாங்குமா?

“உப்புத் தண்ணிக்கு இது எத்தனை நாள் தாங்கும் அண்ணாச்சி?”

அனுசியா கேட்டதும் செந்தூர்வேல் தன் கையிலிருந்த எவர்சில்வர் கிண்ணத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். முத்தையாபுரத்தில் மாட்டுப் பண்ணைச் சாமான் விற்கும் கடை அவருடையது. மாடு தானாகத் தண்ணீர் குடிக்கும் கிண்ணம் கேட்டு வருகிறவர்கள் நிறம் கேட்பார்கள், விலை கேட்பார்கள். இதை யாரும் கேட்டதில்லை.

“கம்பெனி சரக்கு தாயி. நடுவுல நாக்கு மாதிரி இருக்குல்லா, மாடு மூக்கால அழுத்துனா தண்ணி வரும். மூக்க எடுத்தா நின்னுரும்.”

“நாக்குக்குப் பின்னால ஸ்பிரிங் இருக்கே. எங்க போர் தண்ணிய மாடு குடிச்சிரும், ஸ்பிரிங் குடிக்காது. உங்க கடைக் குழாயையே பாருங்க.”

வாசலில் கை கழுவும் குழாயின் மூக்கில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. துண்டைச் சுற்றித்தான் அவரே அதைத் தினமும் திருகுகிறார்.

பின்னால் நின்ற அவள் அப்பா அய்யாக்குட்டி பெருமூச்சு விட்டார். வீட்டில் ஐந்து மாடுகள். வெயில் நாளில் ஒரு மாடு அறுபது லிட்டர் குடிக்கும். அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அத்தனையும் அனுசியாதான் வாளியில் சுமக்கிறாள்.

“திங்கக்கெழம இவ கெளம்பிருவா அண்ணாச்சி. எனக்கு முட்டு வலி. அப்புறம் யாரு சுமக்கது? மாட்ட வித்துருவோம்னா கேக்கமாட்டுக்கா. ஞாயித்துக்கெழம தரகர் பிச்சையா கயிறோட வாராரு. அன்னைக்குப் பூரா மாடு தானா குடிச்சா நிக்கட்டும். இல்லன்னா வண்டி ஏத்திருவேன்.”

செந்தூர்வேலும் ஒரு மகளைக் கட்டிக்கொடுத்தவர்தான்.

“போற இடம் நல்ல இடமா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“பெரிய இடந்தான். நெனச்சா போய்ப் பாத்துட்டு வர முடியாது, அதான்.” என்றார் அய்யாக்குட்டி.

அனுசியா அதைக் காதில் வாங்காமல் ஒரு ஸ்டூலும் வாளியும் ரப்பர் குழாயும் கேட்டாள். அவர்கள் வீட்டு டேங்க் நாலடி மேடைமேல் நிற்கிறதாம். டேப் வைத்து அளந்து, வாளியைச் சரியாக நாலடி உயரத்தில் பிடித்து, எவர்சில்வர் கிண்ணத்துக்குத் தண்ணீர் விட்டாள். நூல் மாதிரி வழிந்தது.

“மாடு நக்கிக் குடிக்காது. மூஞ்சிய முக்கி உறிஞ்சும். இது நிறையதுக்குள்ள கோவிச்சுக்கிட்டுப் போயிரும்.”

பிறகு அவருக்கு விளக்கினாள். தண்ணீரின் வேகம் உயரத்திலிருந்துதான் வருகிறது. நாலடிக்குக் கொஞ்சம் வேகம்தான். அப்படியானால் துளை அகலமாக இருக்க வேண்டும். மாடு வாய் வைக்கும்போதே தொட்டியில் தண்ணீர் தயாராக நிற்கவும் வேண்டும்.

கடை மூலையில் தூசி படிந்து கிடந்த கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியை இழுத்தாள். ஐம்பது லிட்டர் பிடிக்கும். ஓரத்தில் ஒரு மிதவை. தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கித் துளையைத் திறக்கும். நிறைந்தால் ஏறி அடைக்கும். ஸ்பிரிங்கே கிடையாது. கழுவிவிட அடியில் ஒரு மூடி. அதே நாலடி உயரத்திலிருந்து மறுபடி வாளி வாளியாகத் தண்ணீர் விட்டாள். குபுகுபுவென்று கொட்டியது. நிறைந்ததும் மிதவை எழும்பியது. அதற்குமேல் ஒரு சொட்டு விழவில்லை.

செந்தூர்வேல் தன் கடைச் சரக்கை அப்போதுதான் முதல்முறை பார்ப்பவர்போல் குனிந்து பார்த்தார்.

“எங்கன தாயி படிச்ச?”

“குழாய் வேல கொஞ்சம் தெரியும் அண்ணாச்சி.”

போகிற பிள்ளைக்குத் தன் பங்காக, மாற்றுக்கு ஒரு மிதவையைச் சொல்லாமலே பையில் போட்டுவிட்டார்.

திங்கட்கிழமை மத்தியானம், வந்து பார்க்கச் சொல்லி அய்யாக்குட்டி போன் செய்தார். செந்தூர்வேல் போனபோது ஐந்து மாடுகளும் அசைபோட்டுக்கொண்டிருந்தன. கொட்டிலுக்குப் பின்னால் உப்பளம், அதற்கப்பால் கடல்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அய்யாக்குட்டி சொன்னார். காலையில் ஒரு மாடும் தொட்டிப் பக்கம் போகவில்லை. பிச்சையா கயிற்றைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். அனுசியா யோசித்தாள். இந்த மாடுகளுக்குத் தண்ணீர் என்றால் வாளிச் சத்தம். காலி வாளியைத் தொட்டி ஓரத்தில் வைத்து அதன் வளையத்தை ஆட்டினாள். செவலை மாடு முதலில் வந்து மூஞ்சியை முக்கியது. மிதவை இறங்கியது, தண்ணீர் பாய்ந்தது, மற்ற நான்கும் முட்டிக்கொண்டு வந்தன. சாயங்காலம் டேங்கில் முந்நூறு லிட்டர் குறைந்திருந்தது. பிச்சையா வெறுங்கயிற்றோடு போனார்.

“இன்னைக்கும் ஒரு வாளி தூக்கல அண்ணாச்சி.”

“கெட்டிக்காரப் பிள்ளை. புகுந்த வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டாளா?”

அய்யாக்குட்டி விழித்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்து, துண்டால் துடைத்துக்கொண்டு, உப்பளத்துக்கு அப்பால் துறைமுகத்தைவிட்டு நகர்ந்துகொண்டிருந்த பெரிய சரக்குக் கப்பலைக் காட்டினார்.

“புகுந்த வீடா? அன்னா போகுதுல்லா கப்பல், அதுல எம்மவ இன்ஜினியரு. கடல் தண்ணியக் காய்ச்சி, உப்பப் பிரிச்சு, அதுல இருக்க இருவத்திரெண்டு பேருக்கும் குடிதண்ணி குடுக்கது அவதான்.”