மடிப்பானும் குமிழும்

ஒரு கணினிக்குள் மடிப்பான் என்றொரு நிரல் குடியிருந்தது. பாட்டுகளைத் துணி போல மடித்துச் சின்னதாக்குவது அதன் வேலை. எப்போது விரித்தாலும் ஒரு நூல்கூடக் குறைந்திருக்காது.

ஒருநாள் ஒரு கல்யாண வீட்டு ஒலிப்பதிவு வந்தது. நாதஸ்வரமும் தவிலும் முழுச் சத்தத்தில் பொங்கின. மடிப்பான் மூச்சு வாங்க அமுக்கியும் அது பெரிய மூட்டையாகவே நின்றது.

"சத்தம் பெரிசு. இதுக்கு மேல மடியாது," என்றது மடிப்பான் அலுப்போடு.

"உனக்கு உடம்பு வணங்கலை," என்ற பக்கத்திலிருந்த வால்யூம் குமிழ், தன்னைத் திருகிச் சத்தத்தை அடியோடு குறைத்தது. பாட்டின் மெல்லிய இடங்களிலிருந்து பொடிப்பொடியாக ஏதோ உதிர்ந்தது.

"என்னமோ விழுதே?"

"தூசிதான். நீ மடி."

பாட்டு கைக்குட்டையளவுக்கு மடிந்தது. இடம் மிச்சமான சந்தோஷத்தில் கணினி பழைய மூட்டையை அழித்துவிட்டது.

வருஷங்கள் கழித்து, அந்தக் கல்யாணப் பெண் செண்பகவல்லி பாட்டைப் போட்டுக் குமிழைக் கூட்டினாள். மேளம் வந்தது. மேளம் ஓய்ந்த இடத்தில், இப்போது உயிரோடு இல்லாத தன் அப்பா அன்று முணுமுணுத்த வாழ்த்துக்காகக் காத்திருந்தாள். கரகரப்புதான் கேட்டது. இன்னும் கூட்டினாள். கரகரப்பு பெரிதானது.

"மடிப்பான்தான் தொலைச்சிருக்கும்," என்றது குமிழ்.

"எங்கிட்ட வந்ததை அப்படியே குடுத்தேன்," என்றது மடிப்பான். யாரும் காதில் வாங்கவில்லை.

அடுத்த பாட்டு வந்தது. குமிழ் அதை ஏற்கெனவே குறைத்து அனுப்பியிருந்தது. மடிப்பான் கீழே கிடந்த தூசியைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு மடிக்கத் தொடங்கியது.