மெழுகுதிரியால் கீறியவர்

அறுபத்தைந்தாம் ஆண்டு தை மாதம். சூறாவளிக்குப் பிறகு, துறைமுகத்தருகே இருந்த பள்ளிக்கூடம் திறந்து நான்காம் நாள். கமலாதேவி டீச்சர் மூன்றாம் வகுப்புக்குப் புதிய முறையொன்றைச் சொல்லிக்கொடுத்தார். வெள்ளைத் தாளில் மெழுகுதிரியால் படம் கீற வேண்டும். கீறியது கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் நீலச் சாயம் தடவினால், மெழுகு பட்ட இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும்.

நஜ்முன் நிஸா ஒரு தோணியையும் அதில் தன் வாப்பாவையும் கீறினாள். சூறாவளிக்கு முதல் நாள் கடலுக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. சாயம் தடவியபோது தோணி மட்டுமே தெரிந்தது.

“டீச்சர், வாப்பாவையும் கீறினனான்.”

“மெழுகு சரியாப் படேல்லப் போல, பிள்ளை.”

“அழுத்தித்தான் கீறினனான்.”

டீச்சர் பக்கத்திலிருந்த லாபிரின் தாளைப் பார்த்தார். அலைகளுக்கு நடுவே, இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் நின்றார்.

“இது ஆர்?”

“தெரியாது டீச்சர். நான் கடலை மட்டும்தான் கீறினனான்.”

ஸுல்பிகாவின் தாளில் அதே மனிதர் தென்னைகளுக்கிடையே நடந்துகொண்டிருந்தார். கடைசியாக இருந்த புஷ்பவதி இந்தப் பள்ளிக்கூடத்தையே கீறியிருந்தாள். அதில் அவர் வகுப்பு வாசலில் நின்றார். சாயம் இன்னும் காயவில்லை.

வாசலைத் திரும்பிப் பார்க்க டீச்சருக்குத் துணிவு வரவில்லை. அவர் நின்றபடியே, மெல்ல, “உள்ள வாங்கோ” என்றார்.

நிஸா வாங்குப் பலகையில் சற்றுத் தள்ளியிருந்து, பக்கத்தில் ஓராள் இருக்க இடம் விட்டாள்.