நேராய் நட்ட கம்புகள்

க்ளோடா குழந்தைத் துணிகளைக் கொடியில் மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு துணிக்கு மூன்று கிளிப். இரண்டோடு விட்டால் கடல்காற்று உருவிக்கொண்டு போய்விடும்.

கொல்லையை ஒட்டிய புல்வெளியில் பக்கத்து வீட்டு மலக்கி வேலிக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா அந்த ஆளை?" என்றான் அவள் புருஷன் ஃபின்டன், வாசற்படியில் நின்று டீயை உறிஞ்சியபடி. "அவங்க வீட்டு முன்னாடி எல்லாம் காசு குடுத்து வாங்கின லார்ச் மரக் கம்பு. நம்ம பக்கத்துக்கு மட்டும் ஓடைக்கரையில சும்மா வெட்டின பச்சை சாலி மரக் கம்பு."

"எதுவா இருந்தா என்ன, வேலிதானே?"

"சாலி ஈர மண்ணைத் தொட்டா வேர் விட்டுடும் க்ளோ. அதனாலதான் காயவெச்சு, பட்டையை உரிச்சு, தலைகீழா நடுவாங்க. பள்ளிக்கூடம் போற பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவர் பச்சையா நேரா நடறார். ரெண்டு வருஷத்துல கிளை விட்டு, கம்பியை முழுங்கி, வேலியே கோணிக்கிட்டு நிக்கும்."

க்ளோடாவும் அப்போதுதான் கவனித்தாள்.

மலக்கி நட்ட கம்பைக் காளை வந்து முட்டினாலும் அசையாது என்பார்கள். தொடை ஆழத்துக்குக் குழி. தண்ணீர் தேங்காமலிருக்க அடியில் கல், சுற்றிலும் சரளை. கடப்பாரையால் குத்திக் குத்தி இறுக்குவார். நாள் தவறாமல் தூறுகிற கடலோரத்தில் அப்படிச் செய்தால்தான் கம்பு அழுகாது.

இன்றைக்குச் சரளையையே காணோம். வாளி வாளியாக அவர் குழிக்குள் கொட்டிக்கொண்டிருந்தது மாட்டுச் சாணம்.

க்ளோடாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. இவ்வளவு இளக்காரமா?

போன குளிர்காலத்தில் குழந்தை ஓர்லாவை இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டியதாயிற்று. நெஞ்சுச் சளி. 'காற்று நேரே வீட்டில் அடிக்கிறது, மேற்கே நாலு மரம் இருந்தால் தேவலை' என்றார் டாக்டர். இவர்கள் கொல்லையோ வெறும் பாறை. மேற்கே இருக்கும் அந்தப் புல்வெளி மலக்கியின் அண்ணன் கோல்மனுடையது.

அப்போதே ஒருநாள், கேட்கவேண்டியதை வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு, அண்ணனும் தம்பியும் இருக்கும் வீட்டுக் கதவைத் தட்டினாள் க்ளோடா.

"நிழல் விழுந்தா புல்லு செத்துடும். நான் இருக்கறவரைக்கும் என் நிலத்துல எவனும் மரம் நடக்கூடாது" என்றார் கோல்மன்.

அடுப்பருகே உட்கார்ந்து பூட்ஸுக்கு நாடா கோத்துக்கொண்டிருந்த மலக்கி தலையைக்கூடத் தூக்கவில்லை.

"நீ போய்க் கேளு" என்றான் ஃபின்டன் இப்போது. "நான் போனா கைகலப்பாயிடும்." டம்ளரோடு உள்ளே போய்விட்டான்.

ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனாள்.

"மலக்கி..." குரல் எழும்பவில்லை.

"சொல்லும்மா."

"கம்பை நேரா நட்டுட்டீங்கன்னு இவர் சொல்றார்."

"ஆமா, நேராத்தான் நட்டிருக்கேன்."

"வேர் விட்டுடுமாமே."

"விடாமயா? ஏப்ரல்ல இலையே வந்துடும்."

"சாணம் வேற போடறீங்க."

"போடாட்டி இந்த மண்ணுல எப்படிப் பிடிக்கும்?"

கம்புகள் முழத்துக்கு ஒன்றாய் நெருக்கமாக நின்றன. மாட்டை மறிக்க அத்தனை எதற்கு என்று அவளுக்கு விளங்கவில்லை.

"ஊரே உங்களைப் பாத்துச் சிரிக்கும் மலக்கி."

"சிரிக்கட்டுமே. முப்பது வருஷமா ஒழுங்கா நட்டேன், ஒருத்தர் முகத்துலயும் சிரிப்பைப் பாக்கலை." அடுத்த வாளியைத் தூக்கினார். "சாலி சீக்கிரம் வளரும். நாலு வருஷத்துல உங்க கூரை உயரம் வந்துடும். பாப்பாவுக்கு இப்ப இருமல் எப்படி இருக்கு?"

க்ளோடாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"நீங்க... எங்களுக்காகவா..."

"மரம் நடக்கூடாதுன்னுதான் அண்ணன் சொன்னார். வேலி நடக்கூடாதுன்னு சொல்லலையே. இலை விட்ட பிறகு வெட்டச் சொன்னா, லார்ச் வாங்கிப் புதுசா வேலி போடணும். அதுக்கு அவருக்கு மனசு வராது." சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "டிராக்டர் சத்தம் கேக்குது. அவர்தான். நீ இந்த மூஞ்சியோட நின்னா எல்லாம் தெரிஞ்சுபோயிடும். திட்டு."

"யாரை?"

"என்னைத்தான். வேலி நடத் தெரியாத மடையன்னு. அவர் காதுல விழணும்."

கடைக்காரன் மீதிச் சில்லறை தராவிட்டால்கூடக் கேட்காமல் திரும்பி வருகிறவள் க்ளோடா.

டிராக்டர் வந்து நின்றது.

"உங்களுக்குக் கண்ணு தெரியுதா இல்லையா மலக்கி?" முதல் வார்த்தை தழுதழுத்தது. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள். "இது வேலியா, விறகுக் கட்டா? பட்டையைக்கூட உரிக்கத் தெரியாத ஆளுக்கு எதுக்குக் கடப்பாரை?"

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"நல்லாக் கேளும்மா" என்றார் கோல்மன் டிராக்டரில் இருந்தபடியே, வாயெல்லாம் பல்லாக. "ஓசியில கம்பு கிடைச்சும் நடத் தெரியலை பாரு. நான் சொன்னா எங்கே கேக்கறான்?"

மலக்கி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அடுத்த குழியில் சாணத்தைக் கொட்டினார்.

க்ளோடாவின் கன்னத்தில் நீர் வழிந்தது. அதற்குள் பிடித்திருந்த தூறலில் அது யாருக்கும் தெரியவில்லை.

"இத்தோட விட்டுடுவேன்னு நினைக்காதீங்க மலக்கி. இந்த ஊருக்கு வந்து அஞ்சு வருஷமாச்சு. உங்களை மாதிரி ஒரு மனுஷனை நான் இன்னும்..."

"க்ளோடா, பாப்பா முழிச்சுட்டா. சீக்கிரம் வா" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்தான் ஃபின்டன்.